சிறுமை சுட்டும் ஆங்கிலச் சொற்கள் : ஒரு தேர்வு நெறி

முன்னுரை

சொல்லைத் தேர்ந்து சொல்லுதல் அறிவுடையோர்க்கு அழகு. தாய்மொழியில் இத்தேர்வு நம்மை அறியாமலேயே நிகழ்கிறது. பிற மொழியிலோ அது முயன்று பெறவேண்டிய பயிற்சியாகிறது. ஆங்கிலத்தில் எழுதும் நம் மாணவர்க்கு அரிய சொற்களைவிட எளிய சொற்களே மிகுந்த இடர் விளைவிக்கின்றன. அரிய சொல்லுக்கு அகராதியைப் புரட்டுகிறோம். எளிய சொல்லை அறிந்ததாகவே எண்ணிக் கடந்துவிடுகிறோம். அவ்வாறு கடந்துவிடும் சொற்களுள் 'சிறிய' என்னும் பொருள் தருவன குறிப்பிடத்தக்கவை.

'ஸ்மால்', 'லிட்டில்', 'டைனி', 'மைன்யூட்', 'ஸ்லைட்', 'மைனர்', 'பெட்டீட்', 'பெட்டி', 'ப்யூனி' என்று ஆங்கிலத்தில் இவ்வகைச் சொற்கள் பல. அகராதி இவை அனைத்திற்கும் 'சிறிய' என்றே தொடங்கிப் பொருள் கூறும். ஆயினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால், சில இடங்களில் நடை கெடும்; சில இடங்களில் பொருள் தலைகீழாகும்; சில இடங்களில் நாம் மதிப்பவரையே இழித்துரைத்தவர் ஆவோம். விண்ணப்பம், பரிந்துரைக் கடிதம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் இத்தகு பிழை எழுதியவரோடு நில்லாது பிறரையும் தாக்கும். ஆகவே இச்சொற்களின் தேர்வு நெறியை ஒருவாறு தொகுத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் காட்டும் வழி

இந்நெறி நமக்குப் புதியதன்று. தொல்காப்பியம் மரபியலில் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது சொற்கள் தரப்பட்டுள்ளன. ஒன்பதும் இளமையையே குறிப்பினும், எச்சொல் எவ்வுயிர்க்கு உரியது என்பதை மரபே முடிவு செய்கிறது. மாட்டின் இளமையைக் கன்று என்கிறோம். பறவையின் இளமையைக் கன்று என்பதில்லை. இதற்குக் காரணம் வினவினால், 'மரபு' என்பதே விடை. அவ்வாறே உரியியலில் நொசிவு, நுழைவு, நுணங்கு என்னும் மூன்று சொற்கள் நுண்மைப் பொருளன என்று சுட்டப்படுகின்றன. சிறியது வேறு, நுண்ணியது வேறு என்னும் தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தமையை இது காட்டும்.

'சிறு' என்னும் அடையே தமிழில் ஒரு நிலையில் நிற்பதில்லை. 'சிறுபாணாற்றுப்படை' என்னும் நூற்பெயரில் வரும் 'சிறு', சீறியாழ் இசைக்கும் பாணரைப் பெரும்பாணரினின்றும் பிரித்துக் காட்டுவதாகக் கூறுவர். அதில் இழிவு இல்லை. திருக்குறளின் 'சிற்றினம் சேராமை' என்னும் அதிகாரப் பெயரில் வரும் அதே அடை அளவைக் குறிக்கவில்லை. தன்மையின் தாழ்வைக் குறிக்கிறது. ஒரே அடை ஓரிடத்தில் அளவுச் சொல். மற்றோரிடத்தில் மதிப்புச் சொல். ஆங்கிலமோ இவ்விரு பணிகளையும் பெரும்பாலும் வெவ்வேறு சொற்களுக்குப் பகிர்ந்தளித்துள்ளது. தமிழில் ஒன்றாக இருப்பதை ஆங்கிலத்தில் எத்தனையாகப் பிரிக்கவேண்டும் என்று அறிவதே நம் முன்னுள்ள பாடம்.

'ஸ்மால்' – 'லிட்டில்'

இவ்விரு சொற்களே அடிப்படை. 'ஸ்மால்' அளக்கும் சொல். 'லிட்டில்' உணரும் சொல். சுருங்கச் சொன்னால் இதுவே வேறுபாடு.

ஒரு பெட்டியை மற்றொரு பெட்டியோடு ஒப்பிட்டு இது சிறியது என்போமாயின் அங்கே 'ஸ்மால்' வரும். சட்டையின் அளவு, எண்ணிக்கை, தொகை, விழுக்காடு ஆகிய எவற்றுக்கும் 'ஸ்மால்' என்பதே உரியது. 'ஸ்மால் நம்பர்', 'ஸ்மால் அமௌண்ட்' என்பரேயன்றி அப்பொருளில் அங்கே 'லிட்டில்' என்று சொல்லார். ஒப்பீட்டு வடிவங்களான 'ஸ்மாலர்', 'ஸ்மாலஸ்ட்' என்பன தடையின்றி வழங்குகின்றன. 'லிட்டில்' என்பதற்கும் அத்தகைய வடிவங்கள் உண்டெனினும், அவை குழந்தைப் பேச்சிலும் கதைகளிலும் வருவனவேயன்றிக் கட்டுரை நடையில் பெரிதும் வருவதில்லை. 'இவ்வறை சிறியது' என்று பயனிலையாக வைத்துச் சொல்லும்போதும் 'ஸ்மால்' என்பதே இயல்பு. 'லிட்டில்' பெயர்ச்சொல்லுக்கு முன்னே அடையாக நிற்பதையே பெரிதும் விரும்பும்.

'லிட்டில்' சொல்வோரின் உள்ளத்தையும் உடன்கொண்டு வரும். 'அழகிய சின்னஞ்சிறு வீடு' என்று நாம் சொல்லும்போது, 'சின்னஞ்சிறு' என்பது சதுர அடிக் கணக்கன்று. அவ்வீட்டின்மீது நாம் கொண்ட பரிவு. அப்பரிவை 'லிட்டில்' தரும், 'ஸ்மால்' தாராது. லூயிசா மே ஆல்காட் 1868-இல் வெளியிட்ட புகழ்பெற்ற புதினத்தின் பெயர் 'லிட்டில் விமன்'. அதனை 'ஸ்மால் விமன்' என்று மாற்றிப் பாருங்கள். நான்கு சகோதரியரின் இளமையும் தந்தையின் அன்பும் மறைந்து, உடலளவு மட்டுமே எஞ்சும். மறுபுறம், பொருளியல் அறிஞர் ஷூமாக்கர் 1973-இல் வெளியிட்ட நூலின் பெயர் 'ஸ்மால் ஈஸ் பியூட்டிஃபுல்'. பேரளவுத் தொழிலுக்கு எதிராகச் சிற்றளவை முன்வைத்து வாதிடும் நூல் அது. அளவே அங்குப் பொருளாதலால் 'லிட்டில்' அங்குப் பொருந்தாது. அருந்ததி ராய் 1997-இல் வெளியிட்டுப் புக்கர் பரிசு பெற்ற புதினத்தின் பெயரிலும் 'ஸ்மால்' என்னும் சொல்லே உள்ளது. பெரிய நிகழ்வுகளுக்கு எதிரே சிறிய நிகழ்வுகள் நிறுத்தப்படுவதால் அத்தேர்வு பொருத்தமாகிறது.

'லிட்டில்' இளமையையும் குறிக்கும். 'லிட்டில் பிரதர்' என்றால் தம்பி. தம்பி ஆறடி உயரம் வளர்ந்துவிட்டாலும் அவன் 'லிட்டில் பிரதர்' தான். நம் மாணவர் சிலர் 'ஸ்மால் பிரதர்' என்று எழுதுவது தமிழின் 'சின்னத் தம்பி'யை அப்படியே பெயர்ப்பதால் வருவது. சின்னம்மா, சிறிய தந்தை ஆகிய உறவுகளை 'ஸ்மால் மதர்', 'ஸ்மால் ஃபாதர்' என்று பெயர்த்தால் ஆங்கிலேயர்க்குப் பொருள் விளங்காது. நம் இல்லங்களில் சாச்சா, சாச்சி என்று அழைக்கப்பெறுவோர் ஆங்கிலத்தில் 'அங்கிள்', 'ஆண்ட்' என்ற அளவிலேயே அமைவர். சிறுமை பெருமை காட்டும் உறவுமுறை அம்மொழியில் இல்லை என்று உணர்ந்து விடுத்தலும் ஒரு தேர்வே.

ஓரெழுத்து செய்யும் வேறுபாடு

எண்ண இயலாப் பொருள்களின் முன் 'லிட்டில்' வரும்போது அஃது அளவுப் பெயரடையாகிறது. அங்கே 'எ' என்னும் ஓரெழுத்துச் சொல் இருப்பதும் இல்லாததும் பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். 'எ லிட்டில்' என்றால் 'சிறிதளவு உண்டு' என்று பொருள். 'லிட்டில்' என்று மட்டும் நின்றால் 'ஏறக்குறைய இல்லை' என்று பொருள். எண்ணத்தகும் பொருள்களில் 'எ ஃபியூ', 'ஃபியூ' என்னும் இணைக்கும் இதுவே விதி.

மருத்துவமனையில் நோயாளியின் உறவினர் 'இவர் எ லிட்டில் உணவு உட்கொண்டார்' என்றால் மருத்துவர் ஆறுதல் அடைவார். 'லிட்டில் உணவு உட்கொண்டார்' என்றால் கவலையுறுவார். ஆசிரியர் ஒருவர் தம் மாணவரைப் பரிந்துரைத்து எழுதும் கடிதத்தில், 'இவருக்குக் கணிப்பொறியில் சிறிது பயிற்சி உண்டு' என்று எழுத எண்ணி, 'எ' என்பதை விட்டுவிட்டால், 'பயிற்சி இல்லை' என்றே சான்றளித்தவர் ஆவார். கடிதத்தைப் பெற்றவர் இலக்கணப் பிழை என்று கருதமாட்டார். ஏனெனில் வாக்கியம் இலக்கணப்படி சரியானது. பிழையான வாக்கியம் பிழையெனத் தெரிந்துவிடும். சரியான வாக்கியத்தில் புகுந்த தவறான பொருளோ தெரியாமலே தீங்கு செய்யும்.

இதற்கு மற்றுமொரு சான்று 'லிட்டில் டவுட்' என்பது. 'இவரது நேர்மையில் சிறிது ஐயம் உள்ளது' என்பதை ஒருவர் அவ்வாறு பெயர்த்தால், ஆங்கிலத்தில் அது 'இவரது நேர்மையில் ஐயமே இல்லை எனலாம்' என்று ஆகிவிடும். பழி புகழாக மாறிவிட்டது! வேறிடத்தில் புகழே பழியாகவும் மாறக்கூடும். 'சிறிது ஐயம்' என்பதற்குச் 'சம் டவுட்' என்றோ 'ஸ்லைட் டவுட்' என்றோ எழுதுவதே பாதுகாப்பானது. வகுப்பில் கேட்கும் 'ஒரு சின்னச் சந்தேகம்' உண்மையில் ஐயமன்று, வினா. அதற்கு 'கொஸ்டின்' என்னும் சொல்லே போதும்.

அளவு எத்திசையில்?

'சிறிய' என்று நாம் சொல்லும்போது எந்த அளவை எண்ணிச் சொல்கிறோம் என்று நோக்கவேண்டும். உயரத்தில் சிறியவர் 'ஷார்ட்'. 'ஸ்மால் மேன்' என்றால் உடல் முழுவதும் சிறுத்தவர் என்றாகும். அகலத்தில் சிறிய சந்து 'நேரோ'. உயரத்தில் சிறிய சுவர் 'லோ'. பருமனில் சிறிய கம்பி 'தின்'. நேரத்தில் சிறிய உரை 'ஷார்ட்' அல்லது 'ப்ரீஃப்'. இவை அனைத்தையும் 'ஸ்மால்' என்று எழுதுவது, துணி வாங்கச் சென்றவர் நீளம் அகலம் கூறாமல் 'கொஞ்சம் துணி' என்று கேட்பதைப் போன்றது.

வரலாற்று நோக்கில் ஒன்று இங்குக் கருதத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்மால்' என்பதன் மூலச் சொல் ஒடுங்கிய, மெலிந்த என்னும் பொருளையும் கொண்டிருந்தது. அதன் இனச்சொல்லாகிய ஜெர்மன் மொழியின் 'ஷ்மால்' இன்றும் 'ஒடுங்கிய' என்றே பொருள்படும். முதுகின் ஒடுங்கிய கீழ்ப்பகுதியை ஆங்கிலத்தில் 'ஸ்மால் ஆஃப் த பேக்' என்பது அப்பழம்பொருளின் எச்சமாகும்.

தொட்டு அளக்க இயலாதவற்றின் சிறுமைக்கு வேறு சொற்கள் உள்ளன. காய்ச்சல், வேறுபாடு, காயம், மாற்றம் போன்றவற்றின் தரத்தை 'ஸ்லைட்' குறிக்கும். 'ஸ்மால் ஃபீவர்' என்பது வழக்கன்று. 'ஸ்லைட் ஃபீவர்' அல்லது 'மைல்ட் ஃபீவர்' என்பதே வழக்கு. இன்றியமையாமை குறைந்தவற்றை 'மைனர்' குறிக்கும். அறுவை மருத்துவம் 'மைனர்' எனப்படுவது வெட்டு சிறியது என்பதனால் மட்டுமன்று. உயிருக்கு இடர் குறைவு என்பதனாலும் ஆகும்.

சிறுமையின் படிகள்

சிறுமைக்குப் படிகள் உண்டு. 'ஸ்மால்' முதற்படி. 'டைனி' அடுத்தது, அதற்குள்ளேயே 'மிக' என்னும் பொருள் அடங்கியிருத்தலின், 'வெரி' என்னும் அடை அதற்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அதனினும் நுண்ணியது 'மைன்யூட்'. உற்று நோக்கினாலன்றிப் புலப்படாத அளவு அது. கண்ணுக்கே புலப்படாதது 'மைக்ராஸ்கோப்பிக்'. தமிழில் சிறிய, மிகச் சிறிய, நுண்ணிய, நுண்ணோக்கியால் மட்டுமே காணத்தக்க என்று இவற்றை முறையே நிறுத்தலாம்.

'மைன்யூட்' என்பதும் காலத்தைக் குறிக்கும் 'மினிட்' என்பதும் ஒரே எழுத்துக்களால் எழுதப்படுவன; ஒலிப்பு மட்டுமே வேறு. இரண்டிற்கும் மூலம் இலத்தீன் மொழியே. ஒரு மணியை அறுபதாகப் பகுத்த முதற் சிறு பகுதி 'மினிட்' ஆயிற்று. அதனை மீண்டும் அறுபதாகப் பகுத்த இரண்டாம் சிறு பகுதி 'செகண்ட்' ஆயிற்று. இரண்டாவது என்னும் பொருளுடைய சொல் நொடியைக் குறிப்பதன் காரணம் இதுவே.

'மினியேச்சர்' என்னும் சொல்லின் வரலாறு இதனினும் சுவையானது. சிற்றோவியத்தைக் குறிக்கும் அச்சொல் சிறுமைப் பொருளிற் பிறந்ததன்று. கையெழுத்துச் சுவடிகளை அழகுசெய்யப் பயன்பட்ட செந்நிறப் பொருளுக்கு இலத்தீனில் 'மினியம்' என்று பெயர். அதனால் தீட்டப்பட்ட ஓவியங்கள் ஏட்டின் அளவுக்கேற்பச் சிறியனவாக இருந்தமையால், நாளடைவில் வண்ணத்தின் பெயர் அளவின் பெயராயிற்று. மிகச் சிறிய என்னும் பொருளுடைய 'மைனஸ்கியூல்' என்பதைப் பலர் 'மினி' என்னும் முன்னொட்டை எண்ணி எழுத்துப் பிழையாக எழுதுவர். அது 'மைனஸ்' என்பதோடு உறவுடையது என்று நினைவிற் கொண்டால் அப்பிழை நேராது.

இலக்கியமும் இவ்வகைக்குச் சொல் தந்துள்ளது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளியிட்ட 'கலிவரின் பயணங்கள்' என்னும் நூலில், ஆறங்குல உயரமும் நிரம்பாத மாந்தர் வாழும் நாட்டுக்கு 'லில்லிபுட்' என்று பெயரிட்டார். அதினின்றும் 'லில்லிபுஷியன்' என்னும் பெயரடை பிறந்தது. அறிவியல் கிரேக்கத்தை நாடியது. 'மைக்ரோ' என்பது சிறிய என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். 'நானோ' என்பது குள்ளர் என்னும் பொருளுடையது. இன்று மைக்ரோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நானோமீட்டர் என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. அறிவியற் கட்டுரையில் இவை பெருக்கிச் சொல்லும் சொற்கள் அல்ல. வரையறுத்த அளவைகள் என்பதை மறத்தலாகாது.

மதிப்பும் இழிவும்

இனி, மிகுந்த விழிப்போடு ஆளவேண்டிய சொற்களைக் காண்போம். 'பெட்டி' என்று ஒலிக்கும் ஆங்கிலச் சொல் பிரெஞ்சு மொழியின் 'பெத்தி' என்பதினின்றும் வந்தது. அங்கே அது வெறும் 'சிறிய' என்றே பொருள்படும். ஆங்கிலத்திலும் தொடக்கத்தில் அவ்வாறே வழங்கிப் பின்னர் அற்பமான, குறுகிய மனமுடைய என்னும் பொருளுக்கு இறங்கியது. அலுவலகச் சில்லறைச் செலவைக் குறிக்கும் 'பெட்டி கேஷ்' போன்ற சில தொடர்களில் மட்டும் பழம்பொருள் நிலைபெற்றுள்ளது. நம் தெருவோரப் 'பெட்டிக்கடை'யோ தமிழ்ப் பெட்டியால் பெயர்பெற்றது. ஒலி ஒப்புமையால் அதனைப் 'பெட்டி ஷாப்' என்று எழுதும் வழக்கம் நம் நாட்டு ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்டது. உழைத்துப் பிழைக்கும் வணிகர்கள் தமக்காக அனுப்பும் முறையீட்டில் தம்மைப் 'பெட்டி டிரேடர்ஸ்' என்று எழுதிக்கொள்வதினும் 'ஸ்மால் டிரேடர்ஸ்' என்று எழுதுவதே மதிப்புடையது. முன்னதில் அற்பம் என்னும் நிழல் படிகிறது. பின்னதில் முதலீட்டின் அளவு மட்டுமே உள்ளது.

அதே பிரெஞ்சுச் சொல்லின் பெண்பால் வடிவமாகிய 'பெட்டீட்' இழிவடையவில்லை. உயரம் குறைந்து மெலிந்த பெண்டிரைப் பாராட்டாகக் குறிக்கவும் ஆடை அளவைக் குறிக்கவும் அது வழங்குகிறது. ஆடவர்க்கு அது வழங்குவதில்லை. 'ப்யூனி' என்பது 'பின்னே பிறந்த' என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுத் தொடரின் வழிவந்தது. இன்று அது வலுவற்ற, நோஞ்சான் என்று இகழும் சொல். ஆனால் அதே தொடர் வேறு எழுத்துருவில், அதே ஒலிப்போடு, நீதித்துறையில் தலைமை நீதிபதி அல்லாத ஏனைய நீதிபதிகளைக் குறிக்கும் மதிப்புக்குரிய சொல்லாய் நின்றது. ஒரே வேரிற் கிளைத்த இரு சொற்களில் ஒன்று இழிவும் மற்றொன்று உயர்வும் எய்தியமை, சொல்லின் பொருளை வேர் மட்டுமே முடிவு செய்வதில்லை என்பதற்குச் சான்றாகும்.

குறைந்த உயரமுடைய மாந்தரைக் குறிக்க முற்காலத்தில் வழங்கிய 'மிட்ஜெட்' என்னும் சொல் இன்று புண்படுத்தும் சொல்லாகக் கருதப்பட்டு விலக்கப்படுகிறது. பழைய நூல்களில் கண்டதால் ஆளலாம் என்று கொள்ளுதல் தகாது.

'மைனர்' என்னும் சொல்லோடு தொடர்புடைய 'மைனாரிட்டி' நம் போன்ற கல்வி நிறுவனங்களோடு நெருங்கிய உறவுடையது. 'மைனர்' என்பதன் இலத்தீன் பொருள் 'சிறிய' என்பதன்று. 'அதனினும் குறைந்த' என்பது. ஒப்பீட்டுச் சொல்லாதலால் அது மற்றொன்றை நோக்கியே பொருள் பெறும். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 30(1)ஆம் பிரிவு, சமயத்தாலோ மொழியாலோ சிறுபான்மையர் ஆனோர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நிருவகிக்கும் உரிமையை வழங்குகிறது. அங்கே கூறப்படுவது எண்ணிக்கை ஒப்பீடே. தகுதியிலோ உரிமையிலோ குறைவு என்னும் பொருள் அச்சொல்லுக்குள் இல்லை. ஒரு மாநிலத்தில் சிறுபான்மையாகிய மொழியினர் வேறொரு மாநிலத்தில் பெரும்பான்மையினர் ஆவதை நோக்கின் இவ்வுண்மை விளங்கும். இச்சொல்லை நாம் ஆளும்போதும் பிறர் ஆளக் கேட்கும்போதும் அளவுச் சொல்லை மதிப்புச் சொல்லாக மாற்றிக்கொள்ளாதிருத்தல் வேண்டும்.

ஆட்சிமொழியில் சிறுமை

சட்டத்திலும் ஆட்சியிலும் இச்சொற்களுக்கு நிறுவப்பட்ட பொருள்கள் உள்ளன. 'ஸ்மால் காஸஸ் கோர்ட்' என்பது சிறுவழக்கு நீதிமன்றம். 'மைனர் இரிகேஷன்' என்பது சிறுபாசனம். தமிழில் இரண்டும் 'சிறு' என்றிருப்பினும் ஆங்கிலத்தில் இடம் மாற்றி எழுத இயலாது.

தமிழும் ஆங்கிலமும் ஒத்து நடக்கும் இடமும் உண்டு. 2006ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் நிறுவனங்களை 'மைக்ரோ', 'ஸ்மால்', 'மீடியம்' என வகுத்தது. தமிழில் இவை குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் எனப்பட்டன. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வரையறைப்படி, முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மேற்படாதது குறுநிறுவனம். முதலீடு 25 கோடிக்கும் விற்றுமுதல் 100 கோடிக்கும் மேற்படாதது சிறுநிறுவனம். வேளாண்மையில் ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த நிலமுடையவர் குறு விவசாயி. ஒன்று முதல் இரண்டு ஹெக்டேர் வரை உடையவர் சிறு விவசாயி. ஆங்கிலத்தில் முன்னவர் 'மார்ஜினல்', பின்னவர் 'ஸ்மால்'. கடனுதவிக்கோ மானியத்திற்கோ விண்ணப்பம் எழுதித் தரும் மாணவர், குறு விவசாயியைச் சிறு விவசாயி என்று பெயர்த்துவிட்டால் அவரை வேறொரு பிரிவில் சேர்த்துவிடுகிறார். ஒரு சொல்லின் பிழையால் ஓர் எளியவரின் உரிமை தவறக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

அரபு மொழியின் 'தஸ்கீர்'

சிறுமையைத் தனிச்சொல்லால் அன்றிச் சொல்லின் வடிவத்தாலேயே உணர்த்தும் முறை பல மொழிகளில் உண்டு. ஆங்கிலத்தில் 'புக்' என்பது 'புக்லெட்' ஆகும். 'டக்' என்பது 'டக்லிங்' ஆகும். அரபு இலக்கணத்தில் இம்முறை 'தஸ்கீர்' எனப்படும். 'ஹஸன்' என்பதன் தஸ்கீர் வடிவமே 'ஹுஸைன்'. 'அப்து' என்பதன் தஸ்கீர் 'உபைத்'. பூனைக் குட்டியின்மீது அன்பு கொண்டிருந்தமையால் பெயர்பெற்ற நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயரிலும் இவ்வடிவமே உள்ளது. தஸ்கீர் அளவின் சிறுமையை மட்டும் குறிப்பதன்று. இடம் நோக்கி அன்பையும், சிலபோது இகழ்ச்சியையும் குறிக்கும் என்பர் அரபு இலக்கணத்தார்.

திருக்குர்ஆனின் 31ஆம் அத்தியாயத்தில் லுக்மான் (அலை) தம் மகனுக்கு அறிவுரை கூறும்போது விளிக்கும் சொல், மகன் என்பதன் தஸ்கீர் வடிவமாகும். அங்குள்ளது மகனின் உருவச் சிறுமையன்று. தந்தையின் உள்ளக் கனிவு. ஆங்கிலத்தில் பெயர்த்த பிக்தால் (1930) அதனை உணர்த்த 'டியர்' என்னும் அடையைச் சேர்த்தார். யூசுஃப் அலீ (1934) 'மகனே' என்னும் அளவில் நின்றார். 'ஸ்மால்' என்னும் சொல்லை இருவரும் நாடவில்லை. தமிழில் 'அருமை மகனே' என்று பெயர்ப்பதும் இக்கருத்துப் பற்றியே. சிறுமை வடிவத்தை அன்புச் சொல்லால் பெயர்ப்பதே அங்கு உண்மையான மொழிபெயர்ப்பு.

99ஆம் அத்தியாயத்தில் நன்மையும் தீமையும் எத்துணைச் சிறிதாயினும் காணப்படும் என்று கூறுமிடத்தில் 'தர்ரா' என்னும் சொல் வருகிறது. சிற்றெறும்பு என்றும், கதிரொளியில் மிதக்கும் தூசு என்றும் அதற்கு விளக்கம் கூறுவர். பிக்தால், யூசுஃப் அலீ இருவரும் அதற்கு 'ஆட்டம்' என்னும் சொல்லை ஆண்டனர். தமிழில் 'அணு' என்கிறோம். 1897-இல் எலக்ட்ரான் கண்டறியப்பட்ட பின்னர் அணுவும் பகுக்கத்தக்கதே என்று தெளிவாயிற்று. ஆயினும் அங்கு அணு என்பது வேதியியற் கலைச்சொல்லன்று. சிறுமையின் எல்லையைக் காட்டும் உவமைச் சொல். இடம் நோக்கிப் பொருள் கொள்ளுதல் இதனால் விளங்கும்.

தேர்வுக்கு ஐந்து வினாக்கள்

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து, எழுதுமுன் நமக்குள் நாமே கேட்டுக்கொள்ளத்தக்க ஐந்து வினாக்களாக அமைக்கலாம்.

1. எண்ணத்தகுவதா, எண்ண இயலாததா? 'சிறிது உண்டு' என்பதா, 'இல்லையெனத் தகும்' என்பதா? இதற்கேற்ப 'எ' இடம்பெறும் அல்லது விடப்படும்.

2. எத்திசை அளவு? உயரமா, அகலமா, பருமனா, காலமா, தரமா?

3. எப்படி? சிறியதா, மிகச் சிறியதா, நுண்ணியதா, காணவியலாததா?

4. எவ்வுணர்வு? அளவு மட்டுமா, அன்பா, இகழ்ச்சியா? இகழ நினையாதவிடத்து இகழும் சொல் வந்துவிட்டதா?

5. சட்டமோ துறையோ அதற்கென வரையறுத்த சொல் உண்டா? உண்டெனின் நம் விருப்பத்திற்கு அங்கு இடமில்லை.

ஒரு பயிற்சி

விடுப்புக் கடிதம் எழுதும் மாணவர் ஒருவர் பின்வருமாறு எண்ணுகிறார் என்று கொள்வோம்: 'என் சின்னத் தங்கைக்குச் சிறு காய்ச்சல். அவள் சிறிது கஞ்சியே குடித்தாள். எங்கள் வீடு சிறு சந்தில் உள்ளதால் வண்டி வாராது. மருந்துக்குச் சிறு தொகை தேவை. சிறு விடுப்பு வேண்டுகிறேன்.' தமிழில் ஆறிடத்தும் ஏறத்தாழ ஒரே சொல். ஆங்கிலத்திலோ தங்கை 'லிட்டில்' அல்லது 'யங்கர்', காய்ச்சல் 'ஸ்லைட்', கஞ்சி 'ஒன்லி எ லிட்டில்', சந்து 'நேரோ', தொகை 'ஸ்மால்', விடுப்பு 'ஷார்ட்'. ஆறுக்குள் ஒன்றே ஒன்றுதான் 'ஸ்மால்' பெற்றது. மாணவர் இதுபோன்ற பத்திகளைத் தாமே அமைத்துப் பயில்வாராயின் விதிகளை மனப்பாடம் செய்யவேண்டிய தேவை எழாது.

முடிவுரை

ஆங்கிலத்தின் சொல்வளத்தைக் கண்டு தமிழில் இத்தகைய வேறுபாடு இல்லையென்று எவரும் கருதவேண்டா. சிறு, குறு, நுண், இள, சின்னஞ்சிறு, துளி, அணு என்று நம் மொழியிலும் படிகள் உண்டு. ஒரு மொழியின் வேறுபாடுகள் மற்றொரு மொழியின் வேறுபாடுகளோடு கோட்டுக்குக் கோடு பொருந்துவதில்லை என்பதே உண்மை. தமிழை நுணுகிக் கற்றவர் இதனை எளிதில் உணர்வர். தமிழிலேயே சொல் தேராதவர் ஆங்கிலத்தில் தேர்வது அரிது. ஆதலின் ஆங்கிலம் நன்கு எழுத விழையும் மாணவர் தமிழையும் அதே கருத்தோடு பயில்வாராக. ஒருவரது நோயையும் உரிமையையும் நற்பெயரையும் நம் எழுத்தில் ஏந்திச் செல்லும்போது, சிறிய சொல் என்று ஒன்று இல்லை.